முட்டைக் கணக்கு

கப்பல் சரக்குக் கணக்கு எழுத வந்தவன் நான்.
கையெழுத்து நன்றாயிருந்ததால்
முட்டை எண்ண வைத்தார்கள்.

சிங்கப்பூர் ஆற்றங்கரை அப்போது சேறு.
நண்டு நடந்த இடத்தில்
கச்சேரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.
காம்பியர் தோட்டத்தில் போன வாரம்
இருவரைப் புலி அடித்தது என்றார்கள்.
நான் எழுதினேன்:
வந்தது நூற்றிருபது.
அழுகியது ஒன்பது.
உடைந்தது ஒன்று.
பூச்சுக்குப் போனது நூற்றுப்பத்து.

நாகூர்க் கப்பலில் வந்த பூச்சுக்காரன் தில்லைக்கண்ணு
சுவரைப் பார்ப்பதில்லை; தட்டிக் கேட்பான்.
கடலில் எடுத்த பவளக்கல்லைச் சுட்டு, நீற்றி,
மட்டை ஊறிய தண்ணீர் வார்த்து,
வெல்லம் கரைத்து,
முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து ஊற்றி,
அடங்காத மாட்டை வைவதுபோல்
அந்தக் கலவையை வைவான்.
பூசிய ஈரம் போகுமுன்
உள்ளங்கை அளவுப் பளிங்குக் கல்லால் தேய்ப்பான்,
தேய்ப்பான்,
துரையின் மீசை சுவருக்குள் தெரியும்வரை.

மஞ்சளுக்கு என் புத்தகத்தில் பத்தி இல்லை.
அதைத் தீமா கொண்டுபோவாள்,
ரோச்சோர் பக்கத்துக் குடிசைக்கு, மூடிய சட்டியில்.
விடிந்தால் வாழையிலையில்
பொன்னிறத் துண்டுகளாகத் திரும்பி வரும்.
கல் சுமக்கிறவன், மரம் அறுக்கிற சீனன், காவல் சிப்பாய்,
யாரானாலும் காசுக்கு இரண்டு.
தில்லைக்கண்ணுவுக்கு மூன்று. காசில்லை.
அவர்களுக்குள் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.
அவனுக்கு மலாயில் பத்துவரை எண்ணத் தெரியும்.
அவளுக்குத் தமிழில் 'போதும்' தெரியும்.

புதிதாக வந்த துரை புத்தகத்தைப் புரட்டினார்.
"கும்பெனி முழு முட்டைக்குக் காசு கொடுக்கிறது.
மஞ்சள் எங்கே?"
நான் தில்லைக்கண்ணுவைப் பார்த்தேன்.
அவன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வடக்குச் சுவருக்கு
முழு முட்டையும் போயிற்று.
"ஓட்டையும் பொடித்துப் போடவா?" என்று
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்.

மூன்றாம் நாள் சுவர் வியர்த்தது.
அப்புறம் நாற்றம்.
அதற்கப்புறம் ஒரு மழை ஓய்ந்த காலையில்
தீவின் எறும்புகள் எல்லாம் வழக்குப் போட வந்ததுபோல
கச்சேரி வாசலில் வரிசை.

துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை எழுதவும்
ஒரு பத்தி இருந்திருக்கலாம்.

சுரண்டிய கூலி கும்பெனிக் கணக்கில்.
மறுபடி பூசிய கூலியும்.
சட்டி மூடியோடு ரோச்சோருக்குப் போயிற்று.

வேலை முடிந்ததும் அவன் பினாங்குக்குக் கப்பலேறினான்,
அங்கே யாருக்கோ பங்களா கட்டுகிறார்களாம்.
தீமாவும் போனாள் என்பார்கள் சிலர்.
இல்லை, மலாக்காவில் அக்காள் வீட்டுக்கு என்பார்கள்.
குடிசையில் இப்போது வலை பின்னுகிறவன் இருக்கிறான்.

போன மாதம் ஒரு காணி வழக்குக்காக
அதே கச்சேரியில் காத்திருந்தேன்.
வெளியே வெயில் கல்லைப் பிளந்தது.
சாய்ந்தேன். முதுகு குளிர்ந்தது.
வடக்கு மூலையில், தரைக்கு ஒரு சாண் மேலே,
சுரண்டாமல் விட்ட இடம், மங்கின மஞ்சளாக.
மறந்துவிட்டானா, விட்டுவைத்தானா?
அவன் எதையும் மறக்கிற ஆள் இல்லை.
ஒரே ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் புத்தகத்தைக் கறையான் தின்றாயிற்று,
அதனால் சொல்லிவிடுகிறேன்.
'உடைந்தது ஒன்று' என்று
எட்டு மாதம் நாள்தோறும் எழுதினேனே,
ஒன்றுகூட உடையவில்லை.
கூடைக்காரன் ஆ செங்
வைக்கோல் வைத்துப் பிள்ளையைப்போல் சுற்றிக் கொண்டுவருவான்.

பச்சையாகவே குடித்தேன்,
கொட்டகைக்குப் பின்னால் நின்று,
வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து.